கம்பெனி நடத்தும் ஓப்பன் சோர்ஸில் கோடு எழுதப் போகிறீர்களா? முதலில் இதைச் செய்யுங்கள்

போன மாதம் எங்கள் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தான். "அக்கா, மூணு வாரம் ராத்திரி ராத்திரி உக்காந்து எழுதுனதுங்க்கா. ஒரு வார்த்தை சொல்லாம மூடிட்டாங்க." அவன் அனுப்பிய புல் ரிக்வெஸ்ட்டின் (என் கோடை உங்கள் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) தலையில் சிவப்பாக 'க்ளோஸ்டு' என்று நின்றது. எனக்கு 2017 ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு எனக்குச் சொல்லித்தர யாரும் இல்லை. அவனுக்கு உட்கார்ந்து சொன்னதையே இங்கே எழுதுகிறேன். அவனைப் போல இன்னும் நிறைய பேர் இருப்பார்கள்.

நான் கோயம்புத்தூரில் வேலை செய்கிறேன். நூற்பாலைகளுக்கும் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் சர்வர் வைத்துக் கொடுப்பது, உற்பத்தி ரிப்போர்ட் தயார் செய்து கொடுப்பது எங்கள் தொழில். நாங்கள் தினமும் கையாளும் கருவிகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு கம்பெனி சம்பளம் கொடுத்து ஆள் வைத்து எழுதி, கோடை எல்லோருக்கும் திறந்து வைத்தவை. அந்தக் கம்பெனி கட்டணப் பதிப்பையோ, கிளவுட் சேவையையோ, சப்போர்ட்டையோ விற்றுப் பிழைக்கிறது. இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் எங்கள் ஊர் மில்லுக்கு இவ்வளவு நல்ல கருவி இலவசமாகக் கிடைத்திருக்காது. ஆனால் அங்கே கை கொடுக்கப் போகிறவர், வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போக வேண்டும். நான் பார்க்காமல் போனேன்.

நாங்கள் பயன்படுத்திய ஒரு டாஷ்போர்டு கருவியில் பெரிய எண்கள் 1,234,567 என்று வந்தன. மில் முதலாளிக்கு அது 12,34,567 என்று வந்தால்தான் பார்த்தவுடன் புரியும். லட்சம் எங்கே நிற்கிறது என்று அவர் விரல் வைத்து எண்ணுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சரி, நாமே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். 23 ஃபைல்கள், சுமார் 1,400 வரிகள். யாரிடமும் கேட்காமல் நேராக அனுப்பினேன். ஐந்து மாதம் பதில் இல்லை. அப்புறம் ஒரு நாள் மூடப்பட்டது. நாடுவாரியான எண் வடிவம் அவர்களுடைய கட்டணப் பதிப்பில் விற்கிற வசதி என்பது பிறகுதான் தெரிந்தது. விலைப் பட்டியல் பக்கத்தில் அது எழுதியே இருந்தது. நான் அந்தப் பக்கத்தைத் திறந்ததே இல்லை. ஐந்து மாதம் ஒரு வரி பதில் சொல்லாதது அவர்கள் தவறு. கேட்காமல் எழுதியது என் தவறு.

தம்பி எழுதியது எல்டேப் (ஆபீஸின் பொதுப் பயனர் பட்டியல்) வழியாக லாகின் செய்யும் வசதி. விலைப் பட்டியலைத் திறக்கச் சொன்னேன். மூன்றாவது கட்டத்தில், 'எண்டர்பிரைஸ்' என்ற தலைப்பின் கீழ், முதல் வரியே அதுதான். பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்து வாங்குவதே லாகின், அனுமதி அடுக்குகள், ஆடிட் பதிவு போன்றவற்றுக்காகத்தான். அதனால் பல கம்பெனிகள் இவற்றைக் கட்டணப் பக்கமே வைத்துக்கொள்கின்றன. கோடு எழுதத் தொடங்குவதற்கு முன் திறக்க வேண்டிய முதல் பக்கம் விலைப் பட்டியல் என்று நான் சொல்வது இதனால்தான்.

முப்பதை எண்ணிப் பாருங்கள்

அடுத்து அரை மணி நேர வேலை ஒன்று. அந்த ரெப்போவில் (கோடு வைத்திருக்கும் இடம்) கடைசியாக மெர்ஜ் ஆன, அதாவது சேர்த்துக்கொள்ளப்பட்ட, 30 புல் ரிக்வெஸ்ட்டுகளை எடுங்கள். தானாக வெர்ஷன் ஏற்றும் பாட் அனுப்பியவற்றைக் கழித்துவிடுங்கள். மீதி ஒவ்வொன்றுக்கும் எழுதியவரின் ப்ரொஃபைலைத் திறந்து, கம்பெனி ஆளா வெளியாளா என்று ஒரு தாளில் டிக் போடுங்கள். வெளியாள் எழுதியது என்றால் அது எழுத்துப்பிழைத் திருத்தமா, உண்மையான வேலையா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு, மெர்ஜ் ஆகாமல் மூடப்பட்ட பத்தை எடுத்து, காரணம் சொல்லி மூடினார்களா என்று படியுங்கள்.

என் அளவுகோல் இது: முப்பதில் குறைந்தது ஐந்து வெளியாள் எழுதிய உண்மையான வேலையாக இருந்தால் தைரியமாக இறங்கலாம். ஒன்று, இரண்டு என்றால் பிழை அறிக்கையும் சிறு திருத்தமும் மட்டும் அனுப்பலாம். தம்பியோடு சேர்ந்து எண்ணியபோது அவன் மூன்று வாரம் செலவழித்த ரெப்போவில் முப்பதுக்கு ஒன்று தேறியது. அதுவும் ஆவணத்தில் விட்டுப்போன ஒரு கமா. இதை முதல் நாளே பார்த்திருந்தால் அந்த ராத்திரிகள் அவனுக்கு மிஞ்சியிருக்கும்.

இந்த எண்ணிக்கை குறைவாக இருப்பதில் குற்றம் எதுவும் இல்லை. எஸ்கியூலைட்டைப் பாருங்கள். உங்கள் போனில் இந்த நிமிடம் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் அது. கோடு பொதுச்சொத்தாகவே விடப்பட்டிருக்கிறது. யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வெளியாட்கள் எழுதும் கோடைச் சேர்த்துக்கொள்வதில்லை என்று அவர்களே தங்கள் தளத்தில் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும். ஒருவருடைய ராத்திரியும் வீணாகாது. கோடு திறந்திருப்பதும் கதவு திறந்திருப்பதும் வேறு வேறு விஷயங்கள், அவ்வளவுதான்.

மறுபக்கம் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ். அதன் மையக் குழுவில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனி ஆட்கள் இருக்கக் கூடாது என்பது எழுதாத விதி. 2020-ல் இடிபி என்ற கம்பெனி 2ndகுவாட்ரண்ட் என்ற இன்னொரு போஸ்ட்கிரெஸ் கம்பெனியை வாங்கியதும் அந்தக் கணக்கு இடித்தது. உடனே வேறு இடங்களைச் சேர்ந்த இருவரைக் குழுவில் சேர்த்துச் சரிசெய்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு கம்பெனியின் விற்பனைக் கணக்கு உங்கள் பேட்ச்சின் (நீங்கள் அனுப்பும் திருத்தத்தின்) தலைவிதியைத் தீர்மானிப்பது கடினம்.

கையெழுத்துப் போடும் முன்

பங்களிப்பு விதிகள் உள்ள 'கான்ட்ரிபியூட்டிங்' ஃபைலில் இரண்டில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். ஒன்று சிஎல்ஏ (பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம்), இன்னொன்று டிசிஓ (கோடு எங்கிருந்து வந்தது என்பதற்கான உறுதிமொழி). இந்த இடத்தை நிறைய பேர் 'ஐ அக்ரீ' பட்டனை அழுத்திவிட்டுத் தாண்டிவிடுகிறார்கள். தயவுசெய்து நின்று படியுங்கள்.

டிசிஓ 2004-ல் லினக்ஸ் கர்னல் கொண்டுவந்தது. ஒவ்வொரு கமிட்டின் (பதிவு செய்யும் மாற்றத்தின்) அடியிலும் 'சைன்டு-ஆஃப்-பை' என்று உங்கள் பெயரும் மின்னஞ்சலும் வரும். இந்தக் கோடைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது, இந்தத் திட்டத்தின் உரிமத்திலேயே கொடுக்கிறேன் என்பது அதன் பொருள். அதற்கு மேல் எதையும் நீங்கள் எழுதிக் கொடுப்பதில்லை. சிஎல்ஏ அப்படி அல்ல. கம்பெனிக்குக் கம்பெனி அதன் வாசகம் மாறும். சிலவற்றில், நீங்கள் கொடுத்த கோடை நாளை வேறு உரிமத்தில் வெளியிடும் அதிகாரத்தையும் கம்பெனிக்குக் கொடுத்துவிடுகிறீர்கள். படித்துவிட்டு, சம்மதம் என்றால் தாராளமாகக் கையெழுத்துப் போடலாம். நானும் போட்டிருக்கிறேன். கோடு வைத்து நிர்வகிக்கும் தளமான கிட்லேப் 2017-ல் சிஎல்ஏவைக் கைவிட்டு டிசிஓவுக்கு மாறியது.

உரிமம் மாறுமா, அதெல்லாம் நடக்கிற காரியமா என்று தம்பி கேட்டான். நடந்தவற்றைச் சொன்னேன். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் கருவியை நடத்தும் கம்பெனி, அப்பாச்சி என்ற தாராள உரிமத்தில் உள்ள தன் கோடின் உரிமத்தை ஒருபோதும் மாற்ற மாட்டோம் என்று 2018-ல் எழுதி வைத்தது. 2021 ஜனவரியில் மாற்றுவதாக அறிவித்தது. சர்வர்களை அமைக்கும் கருவியான டெராஃபார்ம் 2023 ஆகஸ்ட்டில் எம்பிஎல் என்ற திறந்த உரிமத்தை விட்டு, போட்டிச் சேவைக்குத் தடை போடும் பிஸினஸ் சோர்ஸ் லைசென்ஸுக்குப் போனது. ரெடிஸ் என்ற டேட்டாபேஸ் 2024 மார்ச்சில் பிஎஸ்டி என்ற தாராள உரிமத்தை விட்டது. அவர்கள் சொன்ன காரணமும் கேட்க வேண்டியதே: பெரிய கிளவுட் கம்பெனிகள் இந்தக் கோடை எடுத்துச் சேவையாக விற்றுச் சம்பாதிக்கின்றன, எழுதுகிறவனுடைய வருமானம் பறிபோகிறது. அந்தக் கவலை உண்மையானது. அதே சமயம், உரிமத்தை நம்பி வருடக்கணக்கில் பேட்ச் அனுப்பியவர்களின் வருத்தமும் உண்மையானது.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. அறிவிப்பில் எழுதும் வாக்குறுதி வேறு, உரிமத்தில் எழுதியிருப்பது வேறு. ஏற்கெனவே வெளியான வெர்ஷன் எந்த உரிமத்தில் வந்ததோ அந்த உரிமத்திலேயே இருக்கும். அதை யாராலும் திரும்ப வாங்க முடியாது. அந்த உறுதியை வைத்துத்தான் மேலே சொன்ன மூன்றின் பழைய கோடிலிருந்து முறையே ஓப்பன்சர்ச், ஓப்பன்டோஃபு, வால்கீ மூன்றும் பிறந்தன. உங்கள் பழைய பேட்ச் அங்கே உயிரோடு இருக்கும். இன்னொன்று, சிஎல்ஏ கேட்கவில்லை என்பதற்காக நிம்மதியாகிவிடக் கூடாது. பிஎஸ்டி, எம்ஐடி போன்ற தாராள உரிமங்களில் உள்ள கோடை வேறு உரிமத்துப் பொருளுக்குள் சேர்த்துக்கொள்ள அந்த உரிமமே இடம் கொடுக்கிறது. மாற்றி வெளியிட்டாலும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்று சொல்லும் ஜிபிஎல் மாதிரி உரிமமும், பதிப்புரிமை நூறு பேரிடம் சிதறிக் கிடப்பதும் சேர்ந்தால்தான் உரிமத்தை மாற்றுவது கடினம். லினக்ஸ் கர்னல் அதற்கு நல்ல உதாரணம்.

இங்கே வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17-ன்படி, வேலையின் பகுதியாக நீங்கள் எழுதும் கோடுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் உங்கள் முதலாளிதான். அப்படியிருக்க, 'எனக்குக் கொடுக்க உரிமை இருக்கிறது' என்று நீங்கள் எப்படிக் கையெழுத்துப் போடுவீர்கள்? உங்கள் மேனேஜரிடம், இந்தத் திட்டத்துக்கு இந்த மாதிரித் திருத்தங்கள் அனுப்பப் போகிறேன், சம்மதமா என்று ஒரு மெயில் போட்டு பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் முதலாளி ஒரே வரியில் 'தாராளமா செய்யுங்க' என்று எழுதினார். அந்த மெயிலை இன்னும் தனியாக வைத்திருக்கிறேன்.

எதைக் கொடுப்பது

கம்பெனிக்குள் இருக்கும் இன்ஜினியர்களுக்குத் தெரியாத ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள். என்னுடைய இரண்டாவது முயற்சி அப்படித்தான் அமைந்தது.

லேபிள் அச்சிடும் ஒரு மென்பொருள். தொழிலாளர்களின் அடையாள அட்டையில் பெயர் வரும். 'மீனாட்சிசுந்தரம்' என்ற பெயர் அட்டையில் 'மீனாட்சிசு' என்று வந்து, அடுத்து ஒரு கட்டமும் கேள்விக்குறியும் விழுந்தது. அந்த அண்ணன் அட்டையை என்னிடம் நீட்டி, "இது யார் பேருங்க?" என்று கேட்டார். கோடைத் திறந்து பார்த்தால், பெயரை 32 பைட்டில் வெட்டுகிறது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்கு ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும். உயிர்மெய்யில் மெய்க்கு மூன்று, கொம்புக்கோ காலுக்கோ இன்னொரு மூன்று. 32-ல் பத்துக் குறியீடு முழுசாக அடங்கும், பதினோராவதான 'ந' இரண்டு பைட்டோடு அறுந்துவிடும். அந்த அறுந்த துண்டுதான் அட்டையில் கட்டமாக விழுந்தது.

இந்தத் தடவை கேட்டுவிட்டு எழுதினேன். இஷ்யூவில் (ரெப்போவில் பிழையைத் தெரிவிக்கும் பதிவு) முதலில் அட்டையின் படம், பிறகு அந்த ஒரு பெயர், எந்த ஃபைலில் எந்த வரி வெட்டுகிறது என்ற குறிப்பு, கடைசியில் ஒரு கேள்வி: எழுத்து எல்லையில் வெட்டும்படி மாற்றித் தரட்டுமா, அல்லது அகலத்தையே கூட்டுவது உங்களுக்குச் சரியா? நான்கு நாளில் பதில் வந்தது. நான் எழுதியது 11 வரி, அதற்கான டெஸ்ட் 40 வரி. ரிவ்யூ செய்தவர் தமிழ் தெரியாதவர். குறியீட்டு எல்லையில் வெட்டினால் போதாதா என்று கேட்டார். போதாது என்று 'சு'வை வைத்தே விளக்கினேன்: 'ச'வையும் அதன் உகரக் குறியையும் பிரித்தால் 'மீனாட்சிச' என்று ஆகிவிடும், கட்டம் விழாது, ஆனால் பெயர் தப்பாகிவிடும். அவர் அதைப் புரிந்துகொண்டு, தாய், இந்திப் பெயர்களுக்கும் டெஸ்ட் எழுதச் சொன்னார். ஒன்பதாம் நாள் மெர்ஜ் ஆனது. அடுத்த வெர்ஷன் வந்ததும் அந்த அண்ணனுக்குப் புது அட்டை அடித்துக் கொடுத்தேன்.

கேட்கும்போது நான்கு விஷயம் இருந்தால் போதும்: என்ன தவறாக நடக்கிறது, யாருக்கு அது இடைஞ்சல், நான் என்ன செய்யப் பார்க்கிறேன், இது உங்கள் கட்டணப் பதிப்பில் வரும் விஷயமா. கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நேரடியாகக் கேட்டால் நேரடியாகவே பதில் சொல்கிறார்கள். பதில் வரும்வரை பெரிய கோடு எதையும் எழுதாதீர்கள். இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லை என்றால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு வேறு இடம் பாருங்கள்.

எண்ணிக்கைக்காக மட்டும் அனுப்ப வேண்டாம். 2020 அக்டோபரில் டிஜிட்டல்ஓஷன் நடத்தும் ஹேக்டோபர்ஃபெஸ்ட்டில், நான்கு புல் ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு டி-ஷர்ட் என்பதால், ஒரு சொல்லை மாற்றி அனுப்பிய குப்பை ஊர்ப்பட்ட ரெப்போக்களில் குவிந்தது. மாதம் முடிவதற்குள், விருப்பம் தெரிவித்த ரெப்போக்கள் மட்டும்தான் கணக்கில் வரும் என்று விதியையே மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு மெயின்டெய்னர் (திட்டத்தைப் பராமரிப்பவர்) இருபது குப்பையை மூடிய கையோடு இருபத்தொன்றாவதாக உங்களுடையதைத் திறப்பார். நன்றாக உழைத்து அனுப்பும் நம் பிள்ளைகளுக்குத்தான் இதில் நஷ்டம்.

எதை எதிர்பார்க்கலாம்

படிக்க, பயன்படுத்த, மாற்ற, பகிர உரிமம் இடம் கொடுக்கிறது. பதில் தருவோம், சேர்த்துக்கொள்வோம், இந்தத் தேதிக்குள் பிழை திருத்துவோம் என்று எந்த உரிமமும் சொல்வதில்லை. 'இருப்பது இருக்கிறபடி' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மில் நின்றுபோகும் அவசரம் என்றால் சப்போர்ட்டுக்குக் காசு கட்டுங்கள். நாங்கள் இரண்டு கருவிகளுக்குக் கட்டுகிறோம். இலவசமாக எடுத்துக்கொண்டு இஷ்யூவில் அதட்டுவது எனக்குப் பிடிக்காது. அந்தப் பக்கம் சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பதும் நம்மைப் போல ஒரு ஆள்தான்.

சென்னையிலும் பெங்களூரிலும் இப்படிப்பட்ட கம்பெனிகளுக்குள் வேலை செய்யும் நம் ஆட்கள் இதைப் படித்தால், உங்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தெந்த வசதிகள் கட்டணப் பதிப்புக்கு என்று 'கான்ட்ரிபியூட்டிங்' ஃபைலிலேயே எழுதுங்கள். மூடும்போது ஒரு வரி காரணம் சொல்லுங்கள். திறந்த பதிப்பில் இருக்கும் வசதியைக் கட்டணத்துக்கு நகர்த்த மாட்டோம் என்று கிட்லேப் எழுதி வைத்திருப்பது போல, உங்களால் காப்பாற்ற முடிகிற வாக்கை மட்டும் எழுதுங்கள்.

மூடிவிட்டார்களா? காரணத்தை ஒருமுறை மரியாதையாகக் கேளுங்கள். பேட்ச்சை உங்கள் பிரதியில் வைத்துக்கொள்ளுங்கள். ப்ளகின்னாக, அதாவது கருவியோடு தனியாக இணையும் துண்டாக, பிரித்து எழுத முடியுமா என்று பாருங்கள். என் லட்சக் கணக்கு அப்படித்தான் பிழைத்தது. 1,400 வரி 180 ஆகச் சுருங்கி, எட்டு மில்களில் இன்றும் ஓடுகிறது. ஃபோர்க் செய்துவிடலாம் (கோடைப் பிரதி எடுத்துத் தனித் திட்டமாக நடத்தலாம்) என்ற பேச்சுக்கு அவசரப்பட வேண்டாம். வால்கீ நின்றதற்கு அமேசான், கூகுள், ஆரக்கிள், எரிக்சன் போன்றவர்கள் பின்னால் நின்றார்கள், லினக்ஸ் ஃபவுண்டேஷன் இடம் கொடுத்தது. ஒவ்வொரு பாதுகாப்புத் திருத்தத்தையும் வருடக்கணக்கில் நீங்களே கொண்டுவந்து சேர்க்க முடியுமா என்று யோசித்துவிட்டுத் தொடுங்கள்.

தம்பி இப்போது வேறொரு ரிப்போர்ட் கருவியை எடுத்திருக்கிறான். எண்ணிப் பார்த்தான், முப்பதுக்கு ஒன்பது. அவன் பிடித்திருக்கும் பிரச்சினை எனக்கே முன்பு தோன்றாதது. நாங்கள் வேலை செய்யும் மில்களில் நாள் என்பது காலை ஏழு மணிக்கு முதல் ஷிஃப்டோடு தொடங்கும். கருவியில் 'இன்று' என்றால் நள்ளிரவு பன்னிரண்டு. அதனால் மூன்றாவது ஷிஃப்ட்டின் உற்பத்தி தினமும் இரண்டு நாளாக உடைந்து விழுகிறது. இதைப் படம் போட்டு இஷ்யூவில் எழுதினான், கோடு ஒரு வரி கூட எழுதவில்லை. ஆறாம் நாள் ஒரு மெயின்டெய்னர், நாளின் தொடக்க மணியை மாற்ற விட்டால் வாரக் கணக்கும் மாதக் கணக்கும் அந்த மணியிலிருந்தே தொடங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு போடும் சூப்பர்வைசரிடம் கேட்டால்தான் தெரியும் என்று, நாளைக் காலை ஏழு மணிக்கு மில் கேட்டில் நிற்கப் போகிறான்.